நீலப் பைக்குப் போட்ட சட்டம்

கணக்கம்மா வீட்டுச் சமையலறைச் சுவரில் ஐந்து துணிப் பைகள் வரிசையாகத் தொங்கின. ஐந்தும் அவள் புருஷன் கையால் தைத்தவை. அவர் சோபா தைக்கிறவர். பட்டறையில் மிஞ்சுகிற துண்டுத் துணியைத் தூக்கிப் போட மனசு வராது, சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். சாம்பல் நிறம் வாடகைக்கு. பச்சை சாப்பாட்டுக்கு. காபி நிறம் மருந்துக்கு. கோடு போட்ட மெத்தைத் துணியில் இரண்டு பேருக்கும் கைச்செலவுப் பை, நடுவில் ஒரு தையல் ஓட்டி இரண்டு அறையாகப் பிரித்தது. ஐந்தாவது நீலம். யாரோ பெரிய வீட்டு நாற்காலிக்கு வெட்டியதில் மிஞ்சிய அசல் வெல்வெட். அதற்கு மட்டும் உள்ளே மெல்லிய துணி வைத்து, வாயில் சுருக்குக் கயிறும் கோத்திருந்தார்.

"இதுக்கு மட்டும் என்ன இவ்வளவு பவுசு?" என்று அவள் கேட்டாள்.

"இது வழியாத்தானே உன் சனியன் வரப் போகுது. கௌரவமா வரட்டும்."

சனியன் என்று அவர் திட்டவில்லை. சனி கிரகத்தைத்தான் சொன்னார். அவளுக்கு அந்தப் பைத்தியம் பிடித்த கதை இதுதான். அவள் ஒரு லாரி கம்பெனியில் சம்பளப் பிரிவில் வேலை பார்த்தாள். கூட வேலை பார்த்த ஒருத்தி ஒரு சாயங்காலம், "வா, சும்மா பார்த்துட்டு வரலாம்" என்று கல்லூரி மொட்டை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். வானம் பார்க்கிற சங்கத்துக்காரர்கள் அங்கே தொலைநோக்கியை நிறுத்தி வைத்திருந்தார்கள். கணக்கம்மா வரிசையில் நின்றபோது கடைசி பஸ்ஸைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். அவள் முறை வந்தது. குனிந்து கண்ணை வைத்தாள். வெண்ணெய் நிறத்தில் குட்டியாக ஓர் உருண்டை, அதைச் சுற்றி வளையம், இரண்டுக்கும் நடுவில் கறுப்பாக இடைவெளி. அவள் நிமிர்ந்து, "உள்ளே படம் ஏதாவது ஒட்டி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். முதல் தடவை பார்க்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்பார்களாம். அவள் திரும்பவும் வரிசையின் கடைசிக்குப் போய் நின்றாள். அவர்கள் மூட்டை கட்டுகிற வரைக்கும் திரும்பத் திரும்ப நின்றாள்.

வீட்டுக்கு வந்தவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "எனக்கு அது மாதிரி ஒண்ணு வேணுங்க" என்றாள். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து ஒரு செருப்பைக்கூட இதுதான் வேண்டும் என்று கேட்காதவள்.

"போயும் போயும் சனியவா? ஊரே அது நம்மளப் பிடிச்சிடக் கூடாதுன்னு பயந்து சாகுது. நீ காசு குடுத்து வீட்டுக்குக் கூப்பிடறியா?" சோபாக்காரர் புரை ஏறுகிற அளவுக்குச் சிரித்தார். அப்புறம் விலை என்ன என்று கேட்டார். அவள் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. ஆனாலும், "சரி, வாங்கிடலாம்" என்றார்.

"எப்படிங்க?"

"அதை நீ சொல்லு. ஊருக்கெல்லாம் சம்பளக் கணக்கு போடறவ நீதானே."

அவளுக்கு ஆசை இருந்த அளவுக்குப் பயமும் இருந்தது. காரணம் அவளுடைய அப்பா. கேமரா பைத்தியம் அந்த மனுஷர். ஒரு லென்ஸ் வந்தால் அடுத்த லென்ஸ், எல்லாம் கடன். கடைசியில் ஒரு காலையில் ஆட்கள் வந்து கட்டிலையும் பீரோவையும் தூக்கிக்கொண்டு போனார்கள். சின்னப் பெண்ணான இவள் வெறும் தரையில் உட்கார்ந்து பார்த்தாள். பீரோ வாசலைத் தாண்டும்போது அப்பா கேமராவைத் தூக்கி, "கொஞ்சம் அப்படியே நில்லுங்க தம்பி, வெளிச்சம் நல்லா விழுது" என்றார். அவள் அம்மா அதற்கப்புறம் சாகிற வரைக்கும் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். கணக்கம்மா ஒரு நாளும் சிரித்ததில்லை.

அதனால்தான் சட்டங்கள். நீலப் பைக்குக் கடைசியில்தான் பணம். மற்ற நாலும் நிரம்பின பிறகு. கடன் என்ற பேச்சே கிடையாது. வீட்டில் எதையாவது யாராவது உடைத்தால் உடைத்தவர் கைச்செலவில் கழியும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம். அதைச் சொல்லும்போது அவள் மருந்துப் பையின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"இந்தப் பை எப்பவும் நிறைஞ்சே இருக்கணும். இதுல இருந்து எடுத்தா, திரும்ப நிறையற வரைக்கும் நீலப் பைக்கு ஒத்தைக் காசு கிடையாது. என் ஆசைக்காக உங்க உடம்பு கஷ்டப்படக் கூடாது. புரியுதா?"

"உத்தரவு" என்று அவர் சல்யூட் அடித்தார்.

நல்ல சட்டம்தான். யாரிடம் காட்டினாலும் பேஷ் என்பார்கள். இப்போதும்கூட அதில் எந்த வரி தப்பு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பிள்ளை குட்டி இல்லாத வீடு. அந்தப் பேச்சைப் பேசி, அழுது, ஓய்ந்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. இப்போது நீலப் பைதான் வீட்டில் வளர்கிற ஒன்று. அவள் அலுவலகத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தாள். கண்ணாடி விரிசல் விட்ட போனுக்கு டேப் ஒட்டிக்கொண்டாள். வெளியே போய்ச் சாப்பிடலாம் என்று கூட்டாளிகள் கூப்பிட்டால் அவளுக்கு வயிறு சரியில்லாமல் போய்விடும். "உனக்கு வயித்துல என்ன பல்லியா இருக்கு, எப்பப் பாரு கெட்டுப் போகுது?" என்று அவர்கள் கேலி செய்வார்கள். சோபாக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்தார் நாற்காலிகளை வீட்டுக்கு எடுத்து வந்து, பஞ்சு மாற்றித் தைத்துக் கொடுத்தார். அந்தக் காசை அப்படியே நீலப் பையில் போட்டுக் கயிற்றைச் சுருக்கி, பையைக் கையில் தூக்கிப் பார்ப்பார். "கொழந்தை வெயிட் போட்டிருக்கு" என்பார்.

வருஷங்கள் ஓடின. மருந்துப் பையை யாரும் தொடவே இல்லை. அது அவளுக்கு ஒரு பெருமை. "எங்க வீட்ல ஆஸ்பத்திரிப் பக்கம் போயே எத்தனையோ வருஷம் ஆச்சு" என்று அலுவலகத்தில் சொல்லிக்கொள்வாள். வீட்டிலும் சொல்வாள், அவர் எதிரில். அவர், "ஆமாமா, இரும்பு உடம்பு" என்று நெஞ்சைத் தட்டிக்கொள்வார்.

அந்த இரும்பு உடம்பு சில வருஷமாகக் கதவு நிலையில் இடித்துக்கொள்ள ஆரம்பித்திருந்தது. எப்போதும் வலது தோள். டீயை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினார். மேஜை ஓரத்தில் இருந்த கப்பு கை பட்டு உருண்டது. ஒன்று போனது, அடுத்த மாதம் இன்னொன்றும் போனது.

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு உங்களுக்கு?" என்று கத்தினாள்.

"முன்னாடியே இருந்து போரடிச்சுப் போச்சு. அதான் மாத்தி வச்சுக்கிட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் சட்டம் சட்டம்தான். கோடு போட்ட பையில் அவர் பக்கத்து அறையிலிருந்து கப்புக்கான காசை எடுத்தாள். அவரே பையின் வாயைப் பிடித்துக் காட்டினார்.

இன்னொன்றும் நடந்தது. தெருவில் நடக்கும்போது அவர் அவள் கையைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தார். கல்யாணமான புதிதில்கூட நாலடி முன்னால் போகிற மனுஷன். அந்தி மயங்கினால் போதும், கை வந்து அவள் முழங்கையைப் பற்றிக்கொள்ளும். "என்னங்க இது, பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க, இந்த வயசுல?" என்று அவள் சிணுங்கினாள். "நினைக்கட்டுமே. என் பொண்டாட்டி, என் கை" என்றார் அவர். அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோனது. கடைக்குப் போக வேலை இல்லாத நாளிலும் உப்பு தீர்ந்துவிட்டது, சோப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்லி அந்தி நேரத்தில் அவரைக் கிளப்பினாள். பாவி, எவ்வளவு சந்தோஷமாக நடந்தாள் தெரியுமா!

நீலப் பைத் தொகை ஒரு வழியாக விலையைத் தொட்டது. ஆனால் அந்த விலைக்கு மோட்டார் வைத்த தாங்கி வராது. பூமி சுற்றுகிறது அல்லவா, தொலைநோக்கியில் பிடித்த கிரகம் ஒரு நிமிஷம்கூட நிற்காமல் கண்ணுக்குத் தெரிகிற வட்டத்தை விட்டு நழுவிவிடும். மோட்டார் இருந்தால் அதுவே கூடவே திரும்பிக்கொள்ளும். இல்லாவிட்டால் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். மோட்டாருக்குச் சேர்க்க இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும்.

"இவ்வளவு நாள் பொறுத்தாச்சு, இன்னும் ஒரு வருஷம்தானே" என்றாள் அவள்.

"மோட்டாரும் வேணாம் ஒண்ணும் வேணாம். கைதான் இருக்கே, தள்ளிக்கோ. இப்பவே வாங்கு." அவர் குரலில் இருந்த அவசரம் அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. என்னைவிட இவருக்குத்தான் ஆசை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

வாங்கினாள். பெரிய அட்டைப் பெட்டியில் வந்து இறங்கியது. செய்தி தெரிந்ததும் சங்கத்துச் செயலாளர் போன் செய்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதர், நிதானமாகப் பேசுவார். "அம்மா, புதுசா நிறையப் பேர் சங்கத்துக்கு வர்றாங்க. விலையைக் கேட்டதும் ஓடிப் போயிடறாங்க. சாதாரண சம்பளத்துல, கடன் இல்லாம நீங்க எப்படிச் சேர்த்தீங்கன்னு வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு அரை மணி நேரம் வந்து பேசுங்களேன்" என்றார். கணக்கம்மாவுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. மேடையில் பேசுவதா, அவளா! பக்கத்தில் உட்கார்ந்திருந்த சோபாக்காரர், "பேசு, பேசு, ஒத்துக்கோ" என்று தொடையைத் தட்டினார்.

அன்றைக்கே சாயங்காலம் மொட்டை மாடியில் தொலைநோக்கியை நிறுத்தினாள். வெளிச்சம் முழுசாகப் போகவில்லை. மேற்கில் இன்னும் கொஞ்சம் சிவப்பு இருந்தது, சனி அதற்குள் கிழக்கில் மேலே வந்துவிட்டது. குழாயைத் திருப்பி, திருகைத் திருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அதே வெண்ணெய் உருண்டை. அதே வளையம். யாருக்கும் வரிசையில் இடம் விட வேண்டாம். அவளுடையது. யாருடைய பீரோவும் வாசலைத் தாண்டவில்லை. அவள் கண் நிறைந்து, வளையம் கலங்கிப்போனது.

"வாங்க, வாங்க, சீக்கிரம் வாங்க. இடது கண்ணை மூடிக்குங்க. வலது கண்ணை இதுல வைங்க. குழாயைத் தொடாதீங்க."

அவர் தடவிக்கொண்டு வந்து குனிந்தார். கண்ணை வைத்தார்.

"அடேங்கப்பா!" என்றார். "என்னா அழகு! வளையம் எல்லாம் அப்படியே தெரியுதே!"

அவள் கைகொட்டினாள். "நான் சொன்னேனில்ல? நான் சொன்னேனில்ல?"

"சும்மா சொல்லக் கூடாது, உன் சனியன் மகாராணியாட்டம் இருக்கா." அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். வளையத்தைப் பற்றி, நிறத்தைப் பற்றி, இதற்காக இன்னும் பத்து நாற்காலி தைக்கலாம் என்று ஏதேதோ சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் கேட்டுக் கேட்டுப் பூரித்துப்போனாள். பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ரொம்ப நேரமாகப் பார்க்கிறார். குழாயை யாரும் நகர்த்தவில்லை. சனி எப்போதோ வட்டத்தை விட்டுப் போயிருக்கும்.

"இன்னும் தெரியுதாங்க?"

"நடு மத்தியில நிக்குது."

அவள் சத்தம் போடாமல் குழாயின் முன்பக்கம் போனாள். உள்ளங்கைகள் இரண்டையும் விரித்துக் குழாயின் வாயை மூடினாள்.

"இப்போ?"

"இப்போ இன்னும் நல்லாத் தெரியுதும்மா. பளிச்சுனு இருக்கு."

அவள் கையை எடுக்கவில்லை. அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, அவளுக்காக வைத்துக்கொண்ட சிரிப்பு. கொஞ்ச நேரம் கழித்து அவள் பேசாமல் நிற்பது அவருக்கு எட்டியிருக்க வேண்டும். மெதுவாக நிமிர்ந்தார்.

"என் கை மூடியிருக்குங்க" என்றாள் அவள். "குழாய் வாயை என் கை மூடியிருக்கு."

அவர் மாடிச் சுவரைத் தேடிப் பிடித்து அதில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"எப்பலேருந்து?"

"நாலு வருஷம் இருக்கும். கண்ணாடி மாத்தலாம்னு கடைக்குப் போனேன். கடைக்காரரு பார்த்துட்டு, டாக்டரைப் போய்ப் பாருங்கன்னாரு. போனேன். கண்ணுக்குள்ள அழுத்தமாம். வலி கிலி ஒண்ணும் கிடையாது. ஓரத்துலேருந்து கொஞ்சம் கொஞ்சமா அரிச்சுக்கிட்டே வருமாம். சொட்டு மருந்து விட்டா நின்னுடும், ஆனா காலம் பூரா விடணும்னாரு."

"விட்டீங்களா?"

"ஒரு பாட்டில் விட்டேன். என் கைச்செலவுலதான் வாங்கினேன்." அவர் தயங்கினார். "அடுத்த பாட்டிலுக்குக் கொஞ்சம் குறைஞ்சுது. கப்பு உடைஞ்ச மாசம் அது."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்புறம் விட்டுப் போச்சு. வலி இருந்தாலாவது ஞாபகம் இருக்கும். வேலையில வெட்டறதை மட்டும் நிறுத்திட்டேன், பஞ்சு அடைக்கிறது கைக்கே தெரியும், கண்ணு எதுக்கு? முதலாளியும் ஒண்ணும் சொல்லல."

"மருந்துப் பை நிறைஞ்சு தொங்குச்சே! தினமும் அதுக்குக் கீழதானே உக்காந்து டீ குடிச்சீங்க! ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"மாசா மாசம் எடுக்கணும்மா. மாசா மாசம் எடுத்தா அது எப்போ நிறையும்? அது நிறையலேன்னா நீலப் பைக்கு நீ எப்போ போடுவே? போட மாட்டே. உன்னை எனக்குத் தெரியாதா? எனக்கும் கொஞ்சம் கணக்கு வரும்."

"அந்தச் சட்டமே உங்களுக்காகப் போட்டதுங்க!"

"தெரியும்" என்றார்.

அவள் பாய்ந்து வந்து அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தாள். "பாவி மனுஷா, பாவி மனுஷா, சட்டம் போட்டவ நான்தானே, மாத்த எனக்கு ஒரு நிமிஷம் ஆகுமா? இந்தக் குழாய் யாருக்கு வேணும்? இப்பவே தூக்கிக் கீழ போடறேன் பாருங்க."

"போடு. ஆனா கீழ யாராவது போறாங்களான்னு நீயே பார்த்துட்டுப் போடு. எனக்குத் தெரியாது."

இதற்கும் ஒரு வேடிக்கைப் பேச்சு. அவளால் சிரிக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். நீ ஒரு சட்டத்தை மாற்றி அவர் எப்போதாவது பார்த்திருக்கிறாரா என்று அவளே அவளைக் கேட்டுக்கொண்டாள். ஒரு கப்பு விஷயத்திலாவது?

அவர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். "வலதுதான் போச்சு. இடதுல நடுவுல கொஞ்சம் இருக்கு. சுத்தி இருட்டு, நடுவுல ஒரு சின்ன வட்டம். நேரா பார்த்தா உன் முகம் மட்டும் அதுக்குள்ள வரும். நீ டெலஸ்கோப்புல பார்க்கிற மாதிரிதான்னு வச்சுக்கோயேன். எனக்கு விலை இல்லாமலே கிடைச்சிருக்கு."

"பேசாதீங்க. தயவு செஞ்சு பேசாதீங்க."

"அவசரமா வாங்கச் சொன்னதும் அதுக்குத்தான். சனி எனக்கு எதுக்கு? நீ அதைப் பார்க்கும்போது உன் மூஞ்சி எப்படி இருக்கும்னு பார்க்கணும். வட்டம் இருக்கிறப்பவே பார்த்துடணும்னு நினைச்சேன். இன்னைக்குப் பார்த்துட்டேன், போ."

மறுநாள் டாக்டரிடம் போனார்கள். சின்ன வயசுப் பெண். பொறுமையாக எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, "போனது போனதுதாம்மா, திரும்ப வராது. மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்தப் பார்க்கலாம். அதுவும் உறுதியாச் சொல்ல முடியாது, ரொம்ப லேட்டா வந்திருக்கீங்க" என்றாள். அவர்களைப் பார்த்து, "செலவுக்குப் பயந்துட்டீங்களா?" என்று இரக்கமாகக் கேட்டாள். கணக்கம்மா காபி நிறப் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அது வாய் கட்ட முடியாத அளவுக்கு நிறைந்திருந்தது.

மருந்துக் கடையில் சொட்டு மருந்தின் விலையைச் சொன்னபோது அவள் காது கேட்காதவள் போல இரண்டாம் தடவை கேட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்காலிக்கு அவர் வாங்குகிற கூலி. அவ்வளவுதான். எடுத்துக் கொடுத்த பிறகு பையைப் பார்த்தாள். எடுத்த மாதிரியே தெரியவில்லை.

கூட்டத்துக்குப் போக மாட்டேன் என்று அவள் ஒரே பிடியாக நின்றாள். செயலாளருக்குப் போன் செய்யப் போனவள் கையிலிருந்து அவர் போனை வாங்கி வைத்துக்கொண்டார். "வாக்குக் குடுத்திருக்கே. போய்ப் பேசு. நானும் வரேன். என் பொண்டாட்டி மேடையில நிக்கறதை நான் எப்போ பார்க்கிறது?" எப்போ என்ற அந்தச் சொல்லுக்குப் பிறகு அவளால் மறுக்க முடியவில்லை.

கல்லூரியின் சின்ன அரங்கம். முன் வரிசையில் நடுவில் அவரை உட்கார வைத்தாள். அவருக்குப் பக்கத்தில் ஒரு இளம் தம்பதி, புதிதாகக் கல்யாணமானவர்கள் போலிருந்தார்கள். அந்தப் பெண் மடியில் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு பேனாவோடு காத்திருந்தாள். செயலாளர், "ஆசைக்கும் வரவுக்கும் சண்டை வராம குடும்பம் நடத்தினவங்க" என்று கணக்கம்மாவை அறிமுகம் செய்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அவள் ஆரம்பித்தாள். பதற்றத்தில் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை; பேசிக்கொண்டே மேடையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தாள். பைகளைப் பற்றிச் சொன்னாள். ஆசைப் பைக்குக் கடைசியில்தான் காசு என்றாள். கடன் கூடாது என்றாள். அப்பாவின் கேமராவைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். பிறகு வாய்ப் பழக்கத்தில் அடுத்ததையும் சொல்லிவிட்டாள். "மருந்துப் பையில கை வச்சா, அது திரும்ப நிறையற வரைக்கும் ஆசைப் பைக்கு ஒண்ணும் போடக் கூடாது."

நல்ல சட்டம் என்று பலர் தலையாட்டினார்கள். ஒருத்தர் பேஷ் என்றார். அந்த இளம் பெண் குனிந்து வேகமாக எழுதினாள். எழுதி, கீழே ஒரு கோடும் போட்டாள். அதைப் புருஷனிடம் காட்டினாள், அவன் சரி என்று தலையசைத்தான்.

"அதை அடிச்சிடும்மா" என்றாள் கணக்கம்மா.

பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த வரியை அடிச்சிடு. நல்லா அழுத்தி அடி, படிக்க முடியாதபடி." அதற்கு மேல் காரணம் சொல்ல வாயைத் திறந்தாள். வரவில்லை. செயலாளர் எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று பாதி எழுந்து நின்றார்.

அப்போதுதான் அவள் தன் புருஷனைப் பார்த்தாள். அவர் முகம் அவளை விட்டு வேறெங்கோ இருந்தது. அவள் கொஞ்ச நேரத்துக்கு முன் நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அவள் இல்லை. அவர் தலையை மெதுவாக வலது பக்கம் திருப்பினார், பிறகு கொஞ்சம் இடது பக்கம், பிறகு இன்னும் கொஞ்சம். நழுவிப்போன சனியைத் தேடி அவள் குழாயைத் தள்ளுவது போலவே, ஒரு விரல் அகலம், இன்னொரு விரல் அகலம் என்று தேடினார். அவ்வளவு நேரமும் அவள் பேசப் பேச, நடக்க நடக்க, அவர் இப்படித்தான் தேடிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

கடைசியில் அவர் முகம் அவள் மேல் வந்து நின்றது. கண்டுபிடித்துவிட்டார். உடனே சிரித்தார்.

கணக்கம்மா மேஜையின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். யாரோ தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்கள், வாங்கவில்லை. செயலாளர் அருகில் வந்து, "உக்காருங்கம்மா" என்றார், உட்காரவில்லை. நாற்காலிகள் இழுபட்டன, ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போனார்கள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் காலைக்கூட மாற்றி வைக்காமல் அதே இடத்தில் நின்றாள்.